கட்டியவர் பெயர்

நெய்வேலியில் கடல் கிடையாது. கிழக்கே வடலூர், குறிஞ்சிப்பாடி தாண்டி கடலூர் போனால்தான் அலையைப் பார்க்கலாம். ஆனாலும் மந்தாரக்குப்பத்தில் என் பட்டறையில் செய்த ஃபைபர் படகுகள் தாழங்குடாவிலிருந்து முடசலோடை வரைக்கும் கரையில் கிடக்கின்றன. "நெய்வேலியிலிருந்து கரி வரும், கரண்டு வரும், போட்டு கூடவா வருது?" என்று ஆரம்பத்தில் கிண்டல் செய்தவர்களே பிற்பாடு தங்கள் மச்சானையும் சித்தப்பாவையும் ஆர்டரோடு அனுப்பிவைத்தார்கள். வடலூரில் தைப்பூசக் கூட்டம் இருக்கும் நாட்களில் மட்டும் படகு ஏற்றிய லாரியை அந்தப் பக்கம் விட மாட்டேன். மற்ற நாட்களில் அந்தச் சாலையில் போகும் படகைப் பார்த்து இப்போது யாரும் ஆச்சரியப்படுவதில்லை.

ஃபைபர் வேலை எனக்கு நிலக்கரியால் வந்தது. 1956-ல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் தொடங்கியது. மறு வருஷம் நேரு வந்து சுரங்கத்தைத் தொடங்கிவைத்தார். 1962-ல் சோவியத் உதவியோடு முதல் அனல்மின் நிலையம் ஓட ஆரம்பித்தது. அனல்மின் நிலையம் என்றால் கொதிகலனும் டர்பைனும்தான் எல்லோருக்கும் தெரியும். கொதிகலனுக்குப் போகும் தண்ணீரைச் சுத்தம் செய்ய ஒரு தனிப் பிரிவு உண்டு. அங்கே ஆசிட் தொட்டி, காரத் தொட்டி, அவற்றுக்கான குழாய்கள். இரும்பை ஆசிட் தின்றுவிடும் என்பதால் உள்ளே ஃபைபர் பூச்சு கொடுப்பார்கள். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு காண்ட்ராக்ட் ஆளாக அந்தத் தொட்டிகளுக்குள் இறங்கித்தான் கண்ணாடி நார் மேட் வெட்டவும், ரெசின் கலக்கவும், ரோலர் போட்டுக் காற்றுக் குமிழியை வெளியே தள்ளவும் கற்றுக்கொண்டேன். தொட்டிக்குள் ஒரு குமிழி தங்கினால் ஆசிட் அந்த வழியாக இரும்பைத் தேடிப் போய்விடும். ஆகவே குமிழி விடாத கை அப்போதே பழகிவிட்டது.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கடலூர்க் கரையில் கட்டுமரம் இருந்த இடத்திலெல்லாம் ஃபைபர் வந்தது. உதவி செய்ய வந்த அமைப்புகள் நூற்றுக்கணக்கில் ஆர்டர் கொடுத்தன. மரவேலை தெரிந்தவர், தெரியாதவர், தண்ணீர்த் தொட்டி வார்த்தவர், கோயிலுக்குப் பொம்மை வார்த்தவர் என எல்லோரும் படகுக்காரர் ஆனோம். படகின் தரம் போதாது, எண்ணிக்கையும் கடலுக்குத் தாங்காது என்று ஐ.நா. உணவு வேளாண் அமைப்பே அப்போது எச்சரித்தது. அந்த அவசரத்தில் கரைக்கு வந்த பல படகுகளில் செய்தவர் பெயர் கிடையாது, செய்த தேதி கிடையாது. உதவி கொடுத்த அமைப்பின் பெயர் மட்டும் பெரிய எழுத்தில் இருக்கும். இரண்டு மூன்று வருஷத்தில் படகின் முன்முனையான அணியத்துக்குக் கீழே விரிசல் விட்டு அவை என் பட்டறைக்கு ஒட்டுப்போட வந்தபோது, "இதை யார் செய்தது?" என்று கேட்டால் உரிமையாளருக்கே பதில் தெரியாது.

பதிவு அலுவலகத்தின் படியை நான் ஏற ஆரம்பித்தது அப்போதுதான். படகு வாங்கியவர்கள், "அண்ணே, ஏ.டி. ஆபீஸ்ல கட்டுனவர் சர்டிபிகேட் கேக்குறாங்க, நீங்களே வந்து சொல்லிடுங்க" என்று கூப்பிடுவார்கள். ஏ.டி. ஆபீஸ் என்பது மீன்துறை உதவி இயக்குநர் அலுவலகம். கடலூரில் மீனவக் குடும்பத்துச் சின்னப் பையன்கூட அப்படித்தான் சொல்வான்.

அங்கே எந்தப் படகுக்கும் முதல் கேள்வி நீளமோ அகலமோ அல்ல. எதற்கு இந்தப் படகு? இந்த ஒரு கேள்விக்குச் சொல்லும் பதிலை வைத்துத்தான் எந்தச் சட்டம், எந்த மேஜை, எந்தப் படிவம் என்பதெல்லாம் முடிவாகிறது.

கடலில் மீன் பிடிக்க என்றால் மீன்துறை. 1983-ன் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், மத்திய அரசின் 1958-ம் வருஷத்து வணிகக் கப்பல் சட்டத்தில் மீன்பிடிப் படகுக்கான பகுதி, இரண்டும் சேர்ந்து வேலை செய்துவந்தன. ஏரியிலோ ஆற்றிலோ கழிமுகத்திலோ மோட்டார் வைத்து ஓட்ட என்றால் வேறு சட்டம். 1917-லிருந்து இருந்த வெள்ளைக்காரன் காலத்துச் சட்டத்தை எடுத்துவிட்டு 2021-ல் உள்நாட்டு நீர்க்கலன் சட்டம் கொண்டுவந்தார்கள். அதில் மோட்டார் வைத்த கலத்துக்கு ஆய்வுச் சான்று, அதன் பிறகு பதிவுச் சான்று. துடுப்பு, கோல் போடுகிற கலத்துக்கு உள்ளாட்சி அளவிலேயே பெயர் சேர்த்துக்கொள்ள வழி. மூன்றாவது வகை, மீனும் பிடிக்காமல், ஆள் ஏற்றிக் காசும் வாங்காமல், சொந்த ஆசைக்குக் கடலில் விடும் சின்னப் படகு. கரையோரம் மட்டும் ஓடும் 15 நிகர டன்னுக்கு உட்பட்ட கலத்தைக் கப்பல் பதிவேட்டிலிருந்து 1958-ம் வருஷத்துச் சட்டம் விலக்கிவைத்திருந்தது. இந்த டன் எடைக் கணக்கு இல்லை, கொள்ளளவுக் கணக்கு. பழைய அளவையில் 100 கன அடி ஒரு டன். அந்தக் கணக்கில் நம் ஊரில் வீட்டில் கட்டும் படகு ஒன்றுகூட 15 டன் பக்கம் போகாது. ஆனால் 2025-ல் அந்தச் சட்டத்தையே மாற்றிப் புதிய வணிகக் கப்பல் சட்டம் நிறைவேறிவிட்டது. ஆகவே பழைய விலக்கைச் சொல்லிக்கொண்டு வருகிறவர்களிடம், புதுச் சட்டத்தையும் அதன் விதிகளையும் கேட்டுவிட்டு ஆணியை எடுங்கள் என்கிறேன்.

வரிக்கும் இதே கேள்விதான். மீன்பிடிப் படகுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். அதே மோல்டில், அதே ரெசினில் வார்த்த படகை உல்லாசத்துக்கு என்று எழுதினால், ஜி.எஸ்.டி. வந்த புதிதில் 28 சதவீதம். படகுக்கு வித்தியாசம் தெரியாது, பில்லுக்குத் தெரியும்.

மீன்பிடிப் படகின் கோப்பில் என்னென்ன இருக்க வேண்டும் என்பது என் மேஜை டிராயரில் எப்போதும் ஒரு அட்டையில் எழுதி இருக்கும். ஆதார், ரேஷன் கார்டு, போட்டோ. மீனவர் கூட்டுறவுச் சங்க உறுப்பினர் அட்டை. ஊர் நாட்டார்கள் கொடுக்கும் கடிதம், அதாவது இந்த ஆள் எங்கள் ஊர்க்காரர், எங்கள் கரையில்தான் படகு நிறுத்துவார் என்பது. இன்ஜின் பில், அதில் இன்ஜின் எண், குதிரைத்திறன், சிலிண்டர் எண்ணிக்கை. கட்டியவர் சான்று. அதில் படகின் உடல் எதனால் ஆனது, எங்கே எப்போது கட்டியது, நீளம், அகலம், ஆழம், யாருக்காகக் கட்டியது என்று எழுதிக் கீழே கட்டியவர் கையெழுத்து. இதையெல்லாம் இப்போது ரியல்கிராஃப்ட் என்கிற கணினிப் பதிவேட்டில் ஏற்றுகிறார்கள். தேசிய தகவல் மையம் செய்துகொடுத்த இந்தப் பதிவேடு எல்லாக் கடலோர மாநிலத்துக்கும் ஒன்றே. பதிவானதும் படகுக்கு ஒரு எண் வரும். முதலில் ஐ.என்.டி., பிறகு மாநிலத்துக்கு டி.என்., மாவட்ட எண், பிறகு விசைப்படகா மோட்டார் பொருத்திய நாட்டுப்படகா மோட்டார் இல்லாததா என்று காட்டும் இரண்டு எழுத்து, கடைசியில் வரிசை எண். தாழங்குடாவுக்குப் பக்கத்திலேயே புதுச்சேரிக் கரை ஆரம்பித்துவிடும். அங்கே டி.என். போய் பி.ஒய். ஆகிவிடும். மாமன் படகு ஒரு மாநிலத்தில், மருமகன் படகு இன்னொன்றில்.

ஆய்வாளர் அளக்க வரும் நாள் முக்கியமான நாள். எங்கள் ஊரில் படகை அடியில்தான் சொல்வோம். 28 அடிப் படகு என்றால் 28 அடி மோல்டில் வார்த்தது. படிவம் மீட்டரில் கேட்கும். 28 அடி என்றால் 8.53 மீட்டர் என்று இ-சேவை மையத்துப் பெண்ணே கணக்குப் போட்டு ஏற்றிவிடும். ஆனால் மோல்டிலிருந்து எடுத்த பிறகு அணியத்தில் மரக்கட்டை வைத்து ஃபைபர் சுற்றி, கயிறு கட்டக் கொம்பு நீட்டினால் அரை அடி கூடும். அப்போது உண்மையான நீளம் 8.69. காகிதத்தில் ஒன்று, கரையில் ஒன்று.

இதனால் ஆய்வாளர் வருவதற்கு முன்பே நானே அளந்து வைத்துவிடுவேன். படகை மட்டமாக நிறுத்தி, அடியில் மணல் மூட்டை கொடுத்து ஆடாமல் செய்ய வேண்டும். அணியத்தின் கடைசி நுனியிலிருந்து தூக்குக்குண்டு விட்டுத் தரையில் ஒரு புள்ளி. பின்பக்கப் பலகையின் வெளி விளிம்பிலிருந்து இன்னொரு புள்ளி. இரண்டு புள்ளிக்கும் நடுவே தரையோடு டேப் பிடித்தால் அதுதான் நீளம். சில பேர் டேப்பைப் படகின் மேல்விளிம்போடு ஓட்டிவிடுவார்கள். விளிம்பின் வளைவும் சேர்ந்துகொண்டு நீளம் பொய் சொல்லும். அகலத்துக்கு, படகு எங்கே மிக அகலமோ அங்கே இரண்டு பக்கமும் தூக்குக்குண்டு. பக்கத்தில் அடித்திருக்கும் டயரைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஆழத்துக்கு, நடுப்படகில் விளிம்புக்கு விளிம்பு ஒரு நேர்ப்பலகை வைத்து, அங்கிருந்து உள்ளே அடிமட்டம் வரை. ஒரு தடவை வந்த ஆய்வாளர் அம்மா, நான் தரையில் சாக்பீஸில் போட்டிருந்த புள்ளிகளைப் பார்த்துவிட்டு, "மேஸ்திரி, நீங்க அளந்ததை நான் இன்னொரு தடவை அளந்து கையெழுத்துப் போடுறேன். ரெண்டும் ஒத்துப்போனா எனக்கும் நிம்மதி" என்றார். மேஜையில் உட்கார்ந்து எழுதும் எண்ணைவிட, இரண்டு பேர் தனித்தனியாக அளந்து ஒத்துப்போகும் எண்ணைத்தான் நான் நம்புகிறேன்.

வீட்டில் கட்டிய படகுக்குச் சிக்கல் வருவது கட்டியவர் சான்றில்தான். பட்டறைப் படகுக்கு என் பில் இருக்கிறது, ரப்பர் ஸ்டாம்ப் இருக்கிறது. சொந்தக் கொல்லையில், தென்னை ஓலைப் பந்தலின் கீழ், பழைய மோல்டை வாடகைக்கு எடுத்துத் தன் கையால் படகு வார்க்கும் ஆட்கள் எங்கள் கரையில் நிறைய. தொழில் தெரிந்தவர்கள்தான். ஆனால் கட்டியவரும் அவரே, வாங்கியவரும் அவரே, சாட்சியும் அவரே என்றால் அலுவலகத்துக்குச் சந்தேகம் வருவது நியாயம். எங்கிருந்தோ திருடிய படகுக்குப் பெயின்ட் மாற்றி, "நானே கட்டினேன்" என்று யாரும் சொல்லிவிடலாமே.

இதற்கு ஸ்டாம்ப் பேப்பரில் உறுதிமொழிப் பத்திரம் எழுதி நோட்டரியிடம் கையெழுத்து வாங்கிக் கொடுப்பார்கள். அது வேண்டும்தான், ஆனால் அது போதாது என்பது என் அனுபவம். வீட்டில் கட்டுகிறவர் மூன்று காரியம் செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறேன்.

முதலாவது, சாமான் பில். ரெசின், ஜெல்கோட், மேட், வோவன் ரோவிங், கேடலிஸ்ட், கோபால்ட் எல்லாம் கடையில் பில் போட்டே வாங்க வேண்டும். 28 அடிப் படகுக்கு எவ்வளவு ரெசின் போகும் என்று அனுபவம் உள்ள எந்த ஆளுக்கும் தெரியும். மேட் லேயரில் ஒரு கிலோ கண்ணாடி நாருக்கு இரண்டு, இரண்டரை கிலோ ரெசின் போகும். பில்லில் இருக்கும் கிலோ, படகின் நீளத்தோடு ஒத்துவந்தால் அதுவே பாதி சாட்சி.

இரண்டாவது, படகுக்குள் ஒரு துண்டுச் சீட்டு. கடைசி லேயர் போடுவதற்கு முன்பு, மெல்லிய வெள்ளை டிஷ்யூவில் கட்டியவர் பெயர், ஊர், தேதி, படகின் அளவு எழுதிப் பின்பலகையின் உட்புறம் வைத்து அதன் மேல் ரெசின் ஓட்டிவிட வேண்டும். ரெசின் ஊறியதும் தாள் கண்ணுக்குத் தெரியாமல் போய் எழுத்து மட்டும் நிற்கும். பென்சிலில்தான் எழுத வேண்டும். பால்பாயின்ட் மை ரெசினில் கரைந்து ஓடிவிடும். பெயின்ட்டைச் சுரண்டலாம், இரும்புத் தகட்டைப் பிடுங்கலாம். இந்தச் சீட்டை எடுக்க வேண்டுமென்றால் படகையே அறுக்க வேண்டும்.

மூன்றாவது, அறுத்த துண்டு. படகின் உள்ளே தேங்கும் தண்ணீரை வெளியே தள்ளும் குழாய்க்காகப் பக்கச் சுவரில் வட்டமாக ஒரு துளை போடுவோம். அதில் வரும் துண்டைத் தூக்கிப் போடக் கூடாது. ஓரத்தைத் தண்ணீர் தொட்டு உப்புத்தாளில் தேய்த்தால் லேயர் வரிசை வரியாகத் தெரியும். வெளியே நிறம் போட்ட ஜெல்கோட், அடுத்து மேட், அடுத்து ரோவிங் நெசவு, மறுபடி மேட். நடுவே வெள்ளையாகப் பொரிப்பொரியாகத் தெரிந்தால் அங்கே காற்று நின்றிருக்கிறது. தேனாகப் பளபளத்தால் ரெசின் கூடுதல். இந்தத் துண்டின் பின்னால் தேதி எழுதிக் கோப்போடு கட்டிக் கொடுக்கிறேன். அலுவலகம் கேட்பதில்லை, விதியிலும் இல்லை. ஆனால் பார்த்த ஆய்வாளர்கள் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்க்காமல் விட்டதில்லை.

மே மாதக் கத்திரி வெயிலில் நெய்வேலிப் பக்கம் ரெசின் கிண்ணத்திலேயே கெட்டியாகிவிடும். கேடலிஸ்ட் குறைக்க வேண்டும், விடியற்காலையில் வேலையைத் தொடங்கி வெயில் ஏறுமுன் நிறுத்த வேண்டும். ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் அதே ரெசின் இரவு முழுக்கப் பிசுபிசுக்கும். துண்டின் ஓரத்தைப் பார்த்தே, இது கோடையில் வார்த்ததா மழையில் வார்த்ததா என்று ஓரளவு என்னால் சொல்ல முடியும்.

மீனவர் அல்லாத ஒருவரும் கட்டியவர் சான்றுக்காக என்னிடம் வந்தார். சுரங்கத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெறும் நேரம். டவுன்ஷிப் குவார்ட்டர்ஸின் கார் ஷெட்டில், மரைன் பிளைவுட்டில், ஐ.எஸ். 710 முத்திரை போட்ட பலகையாகப் பார்த்து வாங்கி, எபாக்ஸி போட்டு 12 அடிப் படகு ஒன்று கட்டியிருந்தார். ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். படகுக்கு ஒரு வீடு தேட வேண்டிய கட்டாயம்.

"தம்பி, பெருமாள் ஏரியில விடலாம்னு ஆசை. அங்க இருக்கற தண்ணியில பாதி நாங்க சுரங்கத்துலேர்ந்து இறைச்சு விட்டது. அதுல ஒரு ரவுண்டு போகணும்" என்றார்.

அவர் சொன்னது வெறும் பேச்சில்லை. நெய்வேலியில் கரியை எடுப்பதற்கு முன் அடியில் அழுத்தத்தோடு இருக்கும் ஊற்று நீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சுரங்கத்தின் தளமே பொங்கிவிடும். ஒரு டன் கரிக்குப் பல டன் தண்ணீர். அந்தத் தண்ணீர் வாலாஜா ஏரிக்கும், பரவனாற்று வழியாகப் பெருமாள் ஏரிக்கும் போய்க் குறிஞ்சிப்பாடிப் பக்கத்து வயல்களில் பாய்கிறது.

"மோட்டார் வைக்கப் போறீங்களா சார்?" என்று கேட்டேன்.

"சின்னதா ஒண்ணு."

"அப்ப ஆய்வு, பதிவு ரெண்டும் உண்டு. வேற மேஜை, வேற படிவம். ஏரி யாருதுன்னு கேட்டா நீர்வளத் துறை. மீன் குத்தகை எடுத்தவங்களும் ஒரு வார்த்தை சொல்லணும். மோட்டார் இல்லாம துடுப்புன்னா வேலை பாதியா குறையும்."

அவர் ஒரு மாதம் பல அலுவலகங்களில் ஏறி இறங்கினார். ஓரிடத்தில் மீன் பிடிக்கிற படகு இல்லையே என்றார்கள், இன்னோரிடத்தில் ஆள் ஏற்றுகிற படகு இல்லையே என்றார்கள். படகு எது இல்லை என்று சொல்ல எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கடைசியில் மோட்டார் ஆசையை விட்டுவிட்டுத் துடுப்போடு போதும் என்று முடிவெடுத்து, எழுத்தில் அனுமதி கேட்டு, உள்ளாட்சியிலும் தகவல் கொடுத்துவைத்தார். அவர் கையால் எழுதிய கட்டியவர் சான்று என்னிடம் ஒரு நகல் இருக்கிறது. வரைபடம், பலகை வாங்கிய பில், எபாக்ஸி டப்பாவின் பேட்ச் எண், எந்த நாளில் எந்த மூட்டு ஒட்டியது, படகைத் தண்ணீர் நிரப்பி ஒருநாள் வைத்துப் பார்த்த குறிப்பு, இத்தனை பேருக்கு மேல் ஏறக் கூடாது என்று அவரே போட்ட வரம்பு. தொழிலாகப் படகு கட்டும் நாங்கள் யாரும் அவ்வளவு எழுதியதில்லை. அதற்குப் பிறகு என் சான்றிலும் எத்தனை பேர், எவ்வளவு எடை என்கிற வரியைச் சேர்த்துவிட்டேன்.

அந்த வரி ஏன் முக்கியம் என்பதை 2023 மே 7 அன்று கேரளம் சொல்லியது. மலப்புறம் தானூரில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். குழந்தைகள் அதிகம். மீன்பிடிப் படகாக இருந்ததைச் சுற்றுலாவுக்கு மாற்றியிருந்தார்கள், ஏற்ற வேண்டியதைவிட ஆட்களை அதிகம் ஏற்றியிருந்தார்கள். அதற்கு முன்பு 2009 செப்டம்பர் 30-ல் தேக்கடியில் ஜலகன்யகா கவிழ்ந்து 45 பேர் போனார்கள். மீன்பிடிப் படகில் எடை கீழே இருக்கும். வலை, ஐஸ், மீன் எல்லாம் அடியில். அதன் மேல் கூரை போட்டு நாற்காலி வைத்து ஆளை ஏற்றினால் எடை மேலே போய்விடும். ஒரு பக்கம் எல்லோரும் எழுந்து நின்றால் படகு திரும்பி வராது. எதற்கு இந்தப் படகு என்று மேஜையில் கேட்கும் கேள்விக்கு உள்ளே இவ்வளவு உயிர் இருக்கிறது. அந்தக் கேள்வியைச் சலிப்போடு கேட்கும் குமாஸ்தாவுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுவேன்.

பதிவு எண்ணுக்கு வேறு பயனும் உண்டு. 2008-ல் மும்பைக்கு வந்த பயங்கரவாதிகள் போர்பந்தரில் பதிவான குபேர் என்கிற மீன்பிடிப் படகைக் கடத்தித்தான் வந்தார்கள். அதற்குப் பிறகு நாடு முழுக்க மீன்பிடிப் படகுக்கு ஒரே மாதிரிப் பதிவு, மாநிலத்துக்கு ஒரு நிறம், மீனவருக்குக் கைரேகை வைத்த அட்டை எல்லாம் வந்தன. கரையில் இருப்பவர்களுக்கு அதைவிட நெருக்கமான காரணம் வேறு. 2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. பண்ருட்டிப் பலா, முந்திரி எல்லாம் சாய்ந்தன. நெய்வேலி டவுன்ஷிப் மரங்கள் விழுந்து வட்டத்துக்கு வட்டம் பாதை அடைத்துக்கொண்டது. கரையில் படகு மேல் படகு ஏறிக் கிடந்தது. கணக்கெடுக்க வந்தவர்கள் கேட்ட முதல் கேள்வி பதிவு எண். சர்டிபிகேட்டைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு வீட்டில் வைத்திருந்தவர் முகத்தையும், "நாளைக்குப் பதியலாம்னு இருந்தேன்" என்றவர் முகத்தையும் ஒரே வரிசையில் பார்த்தேன். மானிய விலை டீசல், மண்ணெண்ணெய், இன்ஷூரன்ஸ், வங்கிக் கடன் எல்லாம் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் வருகின்றன. மோட்டார் பொருத்திய நாட்டுப்படகுக்கு வருஷத்துக்கு 4,000 லிட்டர், விசைப்படகுக்கு 18,000 லிட்டர் என்று வரி விலக்கு டீசல் கொடுத்துவந்தார்கள். 2023-ல் அதைக் கூட்டினார்கள். பதிவில் ஒரு இன்ஜின் எண், படகில் இன்னொன்று என்றால் அந்த டீசல் நின்றுவிடும். பழைய லாங்டெயில் இன்ஜினை விற்றுவிட்டுப் புதிது மாட்டிய அன்றே அலுவலகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதை எத்தனை சொன்னாலும் மறந்துவிடுகிறார்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பதிவு எண் படகைப் பலப்படுத்தாது. ஆய்வாளர் நீளத்தை அளக்க முடியும், இன்ஜின் எண்ணைச் சரிபார்க்க முடியும். எத்தனை லேயர் போட்டோம், மூலையில் மேட் மடங்கிக் காற்று நின்றதா, தெர்மாகோல் அடைத்தோமா தண்ணீர் குடிக்காத ஃபோம் அடைத்தோமா, பின்பலகைக்குள் வைத்த பிளைவுட்டின் ஓரத்தை ரெசினால் மூடினோமா என்பதெல்லாம் பெயின்ட் அடித்த பிறகு அவர் கண்ணுக்குத் தெரியாது. சென்னையில் 1979-ல் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டத்தில் ஓய்விந்த் குல்பிராண்ட்சன் என்கிற நார்வேக்காரர் நம் கரைக்கு ஏற்ற சின்னப் படகுகளை வரைந்துகொடுத்தார். அந்தத் திட்டத்தில் வந்த பாதுகாப்புக் கையேடுகளும், கொச்சியில் இருக்கும் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் சொல்வதும் இந்தக் கண்ணுக்குத் தெரியாத விஷயங்களைப் பற்றித்தான் அதிகம் பேசுகின்றன. படகு கவிழ்ந்து தண்ணீர் நிரம்பினாலும் மிதக்க வேண்டும், பிடித்துக்கொண்டு தொங்க அதில் இடம் இருக்க வேண்டும் என்பது அவற்றின் சாரம். இது எந்தப் படிவத்திலும் இல்லை.

ஆகவே பதிவுப் படிவத்தில் எனக்கு முக்கியமாகப்படுவது கட்டியவர் பெயர் என்கிற ஒரே கட்டம்தான். மற்ற கட்டங்கள் படகையும் உரிமையாளரையும் பற்றியவை. இது ஒன்றுதான் செய்த ஆளைப் பற்றியது. சுனாமிக்குப் பிறகு பெயரில்லாமல் கரைக்கு வந்த படகுகளைப் பார்த்தவன் நான். பெயர் எழுத வேண்டும் என்று தெரிந்தால் வேலையே மாறுகிறது. "அண்ணே, உள்ள யார் பாக்கப் போறா, ஒரு லேயர் கம்மி பண்ணிடலாமா?" என்று கேட்கும் பையனிடம் நான் சண்டை போடுவதில்லை. பென்சிலையும் டிஷ்யூவையும் கொடுத்து, "உன் பேரையும் சேத்து எழுது, அப்பறம் கம்மி பண்ணு" என்பேன். இதுவரைக்கும் யாரும் கம்மி பண்ணியதில்லை.

படகு கட்டி முடித்துவிட்டு, "எப்படியாவது பதிவு பண்ணிக் கொடுங்க" என்று வருகிறவர்களுக்கு நான் செய்யக்கூடியது கொஞ்சம்தான். கட்டப் போகிறேன் என்று வருகிறவர்களுக்கு நிறையச் செய்யலாம். மோல்டுக்கு வேக்ஸ் போடுவதற்கு முன்பே ஒரு நோட்டு வாங்குங்கள். எதற்கு இந்தப் படகு என்று முதல் பக்கத்தில் எழுதுங்கள்; எழுதியதை ஏ.டி. ஆபீஸிலோ துறைமுகத்திலோ காட்டி எந்த மேஜை என்று கேட்டுவிடுங்கள். பில்லெல்லாம் அதிலேயே ஒட்டுங்கள். ஒவ்வொரு லேயரும் காய்வதற்கு முன் போனில் படம் எடுங்கள். அடியில் போட்ட அளவையும் மீட்டரில் வந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். கடைசிப் பக்கத்தில், எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அந்தக் கையெழுத்துப் போடக் கை தயங்கினால், அலுவலகத்துக்குப் போக வேண்டாம். படகுக்குப் போங்கள், எந்த இடம் தயங்க வைக்கிறது என்று பாருங்கள், அதை அறுத்து எடுத்துவிட்டு மறுபடி வாருங்கள்.